மூடியைத் திறக்கும் அந்தப் பதினைந்து விநாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னை டயாலிசிஸ் யூனிட்டில் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்றாய். டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தக்குழாயில் கதீட்டர் என்ற குழாய் போட்டவர்களுக்குக் கிருமி எந்த வழியாகப் போகிறது என்று கேட்டாயே, போனில் அவசரமாகச் சொல்லி முடிகிற விஷயமில்லை அது.

தோலில் குழாய் வெளிவரும் இடத்தை எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் நாள்பட்ட குழாயில் பெரிய வாசல், குழாயை இறுக்கி அடைக்கும் சிவப்பு, நீலக் கிளாம்புகளுக்கு அப்பால் மூடிக்கு அடியில் இருக்கும் ஹப், அதாவது குழாயின் வாய். ஒவ்வொரு முறையும் அதைத் திறப்பது நம் கைதான்.

உனக்கும் நோயாளிக்கும் மாஸ்க். கை கழுவி, கையுறை. மூடியைத் தொடுமுன் இரண்டு கிளாம்பும் பூட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். திறந்திருந்தால் ரத்தம் கொட்டும், அதைவிட ஆபத்து, காற்று உள்ளே போகும். ஒரு மூடியை மட்டும் கழற்று. ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின் துடைப்பானால் வாய் விளிம்பு, பக்கம், மரை எல்லாவற்றையும் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய். மரைப் பள்ளத்தில் காய்ந்த ரத்தம் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். கிருமிக்கு அதுதான் சாப்பாடு, விடாதே. பிறகு தானாகக் காயட்டும். ஊதாதே, விசிறாதே. ஈரத்தோடு சிரிஞ்சை மாட்டினால் தேய்த்ததில் பாதி வீண். அடுத்த ஹப்புக்குப் புதுத் துடைப்பான். முடித்துக் கழற்றும்போதும் இதேதான், மூடியும் புதிது. சாயங்கால ஷிஃப்டில் கை தளர்வது இந்த இரண்டாவது முறையில்தான்.

குழாய் வெளிவரும் இடத்து டிரஸ்ஸிங், காஸ் துணி என்றால் 2 நாள், ஒளி ஊடுருவும் ஒட்டு என்றால் 7 நாள். நனைந்தாலோ தூக்கினாலோ உடனே மாற்று. களிம்பு தடவச் சொன்னால் குழாய்க் கம்பெனியின் கையேட்டைப் பார்த்துவிடு. சில களிம்புகள் குழாயின் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் குளிரும் நடுக்கமும் வந்தால், தோல் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாதே. குழாயின் உட்சுவரில் படிந்த கிருமி ரத்த ஓட்டத்தோடு உடம்புக்குள் போகிறது என்று முதலில் சந்தேகப்படு. பாராசிட்டமால் கொடுத்து ஓட்டிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். டாக்டரைக் கூப்பிடு, ஆன்டிபயாட்டிக்குக்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும்.

வார்டிலிருந்து வந்து, 'நரம்பு கிடைக்கவில்லை, இதிலேயே மருந்து ஏற்றிவிடுங்கள்' என்பார்கள். ஒவ்வொரு முறை திறப்பதும் கிருமிக்கு வாசல், தயங்காமல் மறுத்துவிடு.

இன்னொன்று. ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) இரண்டு ஊசியும் சிக்கலில்லாமல் ஓடுகிற நோயாளிக்குக் கழுத்தில் குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், அதை எடுக்கும் தேதி என்ன என்று ரவுண்ட்ஸில் கேள்.

அம்மா