குறிகட்டுவான் துறையில் நின்ற அண்ணைக்கு

நெடுந்தீவுப் பிள்ளைகளின் கொப்பிப் பொதிகளைப் படகேற்றித் தந்துவிட்டுப் பெயர் சொல்லாமலே போய்விட்டீர்கள், அண்ணை. நன்றி. துறையிலிருந்து தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல்தான். ஆனால் கார்த்திகை, மார்கழிக் காற்றில் தளத்தில் வைத்த பெட்டி நனையாமல் போய்ச் சேருவது அரிது. மட்டைப்பெட்டியைப் பிரித்து, இருபது இருபது கொப்பியாகத் தடித்த பொலித்தீனில் சுற்றி, வாயை முறுக்கி மடித்து, பழைய சைக்கிள் டியூப்பால் இறுக்கினீர்கள். நைலோன் கயிறு வழுக்கித் தளரும், ரப்பர் விடாது. தண்ணீர் புகுந்தாலும் நட்டம் இருபதோடு நிற்கும்.

அதைவிடப் பெரிய உதவி, நனைந்த புத்தகம் பற்றிச் சொன்னது. கடல்நீர் பட்டதை அப்படியே காயவிட்டால் உப்பு தாளிலேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பிறகு பூஞ்சணம்தான். காய முன்னம் நல்ல தண்ணீரில் மூடியபடியே அலசி, பத்துப் பக்கத்துக்கு ஒரு பழைய பேப்பர் செருகி, நிழலில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். செருகிய பேப்பரை அடிக்கடி மாற்ற வேண்டும். வெயிலில் போட்டால் மட்டை வளைந்துவிடும். (தீவில் நல்ல தண்ணீர் அருமை, ஆகவே இந்த அலசல் பாடநூலுக்கு மட்டும்.) பயிற்சித்தாளைப் போட்டோகொப்பி எடுக்கச் சொன்னதும் சரிதான்: சாதாரண இங்க்ஜெட் மை ஒரு துளி தண்ணீர் பட்டாலே கரையும், போட்டோகொப்பியின் டோனர் தூள் கரையாது.

அடுத்த தவணைப் பொதிகளும் அதே துறையால்தான் வரும். டியூப்பை நாங்கள் கொண்டுவருகிறோம்.

— நெடுந்தீவுத் தொண்டர் ஆசிரியர்கள்