காலை ஈசிஜியில் தெரியாத இரவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோயும் இதயமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடைப்பு, கொழுப்பு, நடைப்பயிற்சி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் எங்களுக்கு ராத்திரியில் இருக்கும் பயம் வேறு: துடிப்பு தாளம் தப்புவது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் மகளுக்கு 19 வயது. பத்து வருடமாக இன்சுலின் போடுகிறாள். போன வருடம் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்கு, "அம்மா, நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று எழுப்பினாள். தலையணை உறை வியர்வையில் ஊறியிருந்தது. நாடி பிடித்தேன். நாலைந்து துடிப்பு ஓடும், ஒன்று விடுபடும், மறுபடி ஓடும். சர்க்கரை 46, ரொம்பவே குறைவு. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 82. துடிப்பும் அடங்கியிருந்தது. காலையில் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். "பரீட்சை டென்ஷனா இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

நார்மலாகத்தானே இருக்கும்! சர்க்கரை இறங்கும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, ரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது. ஒரு துடிப்பு முடிந்து இதயம் அடுத்ததற்குத் தயாராக எடுக்கும் நேரம் நீள்கிறது. ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்பார்களே, அதுதான். தாளம் தப்ப அங்கேதான் வழி திறக்கிறது. சர்க்கரை ஏறியதும் இதெல்லாம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். காலையில் தேடினால் என்ன கிடைக்கும்?

1991இல் பிரிட்டனில் டாட்டர்சால், கில் என்ற இரு மருத்துவர்கள், டைப் 1 உள்ள 22 பேர் கலையாத படுக்கையில் இறந்து கிடந்ததைப் பதிவு செய்தார்கள். இரவில் சர்க்கரை இறங்கித் துடிப்பு தடம் புரண்டிருக்கலாம் என்பது மருத்துவர்களின் வலுவான சந்தேகம். அரிதாக நடப்பதுதான். ஆனாலும் அதைப் படித்த பிறகு நான் பல நாள் தூங்கவில்லை.

அப்புறம் வேறொரு மருத்துவர், 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியையும் சர்க்கரை சென்சாரையும் ஒரே இரவில் மாட்டச் சொன்னார். இரண்டு வரைபடங்களையும் மேசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார். சர்க்கரைக் கோடு சரிந்த அதே நேரத்தில் கீழே தாறுமாறான துடிப்புகள். ராத்திரி இன்சுலின் அளவைக் குறைத்தார். சென்சார் அலாரத்தை 80இல் வைத்தோம். நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கு இதயத்துக்குப் போகும் நரம்புகளே பழுதாகலாம், சும்மா இருக்கும்போதும் நாடி வேகமாக ஓடும், அதையும் சோதிக்க வேண்டும் என்றார்.

இதய மருத்துவர் ஒருவரையும் சர்க்கரை மருத்துவர் ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்து இதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அதுவரை, பிள்ளை படபடப்பு என்று சொன்னால் பெற்றோர் அந்த நிமிடமே சர்க்கரை பார்த்து, மணியையும் அளவையும் நாடியையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். மயக்கம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு டைப் 1 மகளின் தாய்