இருபத்தைந்து யார் தூரம்: ரொறன்ரோத் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாமார், அக்காமார்,

போன வருடம் மார்க்கத்தில் நடந்த ஒரு விருந்தில் உங்களில் ஒருவர் என் அம்மாவிடம் சொன்னார்: "பிள்ளை நியூயோர்க்கில லோயரா வரவேணுமெண்டால் அங்க ஒரு எல்.எல்.எம். கட்டாயம் செய்யவேணும்." எல்.எல்.எம். என்பது சட்டத்தில் ஒரு வருட மேற்படிப்பு. அவர் பெயரை எழுதப்போவதில்லை. நல்ல மனுசன், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வசனத்தை வைத்து எங்கள் வீடு ஒரு வருடம் ஓடியது. கடன் எடுக்க வங்கிக்குப் போனபோது அப்பா அங்கிருந்த பெண்ணிடமும் அதையே சொன்னார். அந்தப் பெண்ணும் தலையாட்டினார்.

அது பிழை. ஒன்ராறியோவில் நாங்கள் படிப்பது கொமன் லோ, அதாவது முந்தைய தீர்ப்புகளைப் பின்பற்றும் ஆங்கிலேயச் சட்டமுறை; மூன்று வருடச் சட்டப் பட்டமான ஜே.டி. அதை முடித்தவர் எல்.எல்.எம். இல்லாமலே நியூயோர்க்கில் சட்டத்தரணியாவதற்கான பார் பரீட்சைக்கு நேராக விண்ணப்பிக்கலாம். அந்த மாநிலத்தின் 520.6 ஆம் விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: ஆங்கிலேயக் கொமன் லோ வழியில் வந்த நாட்டில், அமெரிக்கச் சட்டப் பள்ளிக்கு ஈடான காலமும் பாடமும் படித்திருந்தால் போதும். தகுதி உண்டா இல்லையா என்று அங்குள்ள பரீட்சைச் சபையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கியூபெக்கில் சிவில் லோ என்ற பிரெஞ்சு வழிச் சட்டமுறையை மட்டும் படித்தவர்களுக்குத்தான் எல்.எல்.எம். என்ற கூடுதல் வருடம் தேவைப்படும். இதை எனக்குச் சொன்னது யார் தெரியுமா? வகுப்பில் பக்கத்தில் இருந்த வான்கூவர்ப் பையன். ஒக்டோபர் மாதம். கட்டணத்தின் முதல் தவணை போய்ச் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கட்டணம் மட்டும் 70,000 அமெரிக்க டொலருக்கு மேல். கனடாக் காசில் கிட்டத்தட்ட ஒரு இலட்சம்.

சரி, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். வந்ததற்கு நான் வருந்தவில்லை. ஏன் வரவேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன காரணம்தான் தவறு. சரியான காரணம் வேறொன்று இருக்கிறது. அதை உங்களில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

முதலில் ரொறன்ரோவின் பீயர்சன் விமான நிலையத்தில் இருந்து தொடங்குகிறேன்.

கனடாக் குடிமக்களுக்கு மாணவர் விசா தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொன்சியூலேட் வாசலில் வரிசை இல்லை, கடவுச்சீட்டில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பள்ளி அனுப்பும் ஐ-20 படிவம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டொலர் செவிஸ் கட்டணம் கட்டிய ரசீது, காசு இருக்கிறது என்பதற்கு வங்கிக் கடிதம். இவற்றை எல்லையில் நிற்கும் அதிகாரியிடம் நேரே நீட்டவேண்டும். என் வகுப்பில் இருக்கும் பிரேசில் பெண் நேர்முகத்துக்கு இரண்டு மாதம் காத்திருந்தாளாம். என்னைப் பார்த்து, "உனக்கென்ன, நீ கொடுத்து வைத்தவள்" என்றாள். உண்மைதான். ஆனால் ஒன்று: அவளுக்கு விசா கிடைக்காவிட்டால் சாவோ பாவ்லோவில் தன் வீட்டில் இருந்துகொண்டே தெரிந்துகொள்வாள். என்னைத் திருப்புவதென்றால் இரண்டு பெட்டியோடு, விமானம் ஏற ஒரு மணி நேரம் இருக்கும்போது திருப்புவார்கள்.

அந்த அதிகாரி நிற்பது நியூயோர்க்கில் அல்ல, பீயர்சனிலேயே. 1952 முதல் ரொறன்ரோவில் அமெரிக்க அதிகாரிகள் முன்சோதனை செய்கிறார்கள். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டினால் நடைமுறையில் அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட மாதிரி. நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் இறங்கினால் யாரும் எதுவும் கேட்பதில்லை, பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறலாம். அம்மா அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்துக்கொண்டிருந்தா. அதிகாரி என் பெயரை இரண்டு முறை வாசிக்கப் பார்த்துவிட்டு, "சட்டமா? ஏற்கனவே லோயர்தானே, இன்னும் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி.

ஒரு சின்ன விசயம், உங்களில் குடிவரவு வழக்குகள் செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் அப்போது நின்றது கனடாவின் தரை. எங்கள் முன்சோதனைச் சட்டத்தின்படி அந்த அமெரிக்க அதிகாரி கனடாவின் சட்டத்துக்கு, உரிமைகள் சாசனத்துக்கும் சேர்த்து, உட்பட்டுத்தான் என்னைச் சோதிக்கவேண்டும். எல்லை என்பது கோடு அல்ல, ஒரு சட்டக் கற்பனை என்று படித்திருக்கிறோம். அன்றைக்கு அது ஒரு மேசையாக என் முன்னால் இருந்தது.

பிறகு வந்த வாரங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வீடு தேடினேன். மாத வாடகையின் நாற்பது மடங்கு வருட வருமானம் காட்டு என்கிறார்கள். இல்லாவிட்டால் எண்பது மடங்கு உழைக்கும் அமெரிக்கப் பிணையாளரைக் கொண்டுவா என்கிறார்கள். கனடாவில் ஏழு வருடம் ஒரு நாளும் பிந்தாமல் கட்டிய என் கடன் அட்டைக்கு இங்கே ஒரு மதிப்பும் இல்லை, நேற்றுப் பிறந்த குழந்தையும் நானும் ஒன்று. வகுப்பு தொடங்கிய முதல் வாரம் எல்.எல்.எம். மாணவர்களுக்கென்று தனிப் பாடம் வைத்து, முன்தீர்ப்பு என்றால் என்ன என்று விளக்கினார்கள். ஜெர்மனிக்காரரும் ஜப்பான்காரரும் எழுதிக்கொண்டிருந்தார்கள், நான் சன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் ஜே.டி. மாணவர்களோடு சேர்த்து உட்காரவைத்தபோது நிலைமை தலைகீழ். பேராசிரியர் திடீரென்று பெயர் சொல்லி எழுப்பிக் கேட்கும் முறைக்கு என் நாக்குப் பழக ஒரு மாதம் எடுத்தது. கொலைக்கு எந்த மாகாணச் சட்டம் என்று ஒரு மாணவன் என்னிடம் கேட்டான். நாடு முழுவதற்கும் ஒரே குற்றவியல் கோவைதான் என்றேன். அவன் நம்பவில்லை. என் ஆங்கிலத்தில் வித்தியாசம் தெரியாததால் வெளிநாட்டு மாணவி என்பதையே பாதிப்பேர் மறந்துவிடுவார்கள். கனடா நன்றிநவிலல் ஒக்டோபரில் வந்தபோது, வகுப்பு வைத்த அந்தத் திங்கட்கிழமை மட்டும் எனக்கு நல்லாக ஞாபகம் வந்தது.

இனிச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

நவம்பரில் ஒரு நாள் அரசியலமைப்பு வகுப்பில் பேராசிரியர் பலகையில் ஒரு பெயரை எழுதினார். ஆங்கில எழுத்தில் நீளமான பெயர். மூன்று விதமாக உச்சரித்துப் பார்த்துவிட்டு, "யாராவது உதவி செய்கிறீர்களா?" என்றார். துரைசிங்கம். எனக்கு நெஞ்சு ஒருக்கால் நின்று ஓடியது. சாப்பாட்டு மேசையில், கோயிலில், பள்ளிக்கூட இடாப்பில் கேட்கும் பெயர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் தலையில் இருக்கிறது.

இலங்கைத் தமிழர், விவசாயி. 2017 பெப்ரவரியில் மெக்சிக்கோ எல்லையைத் தாண்டி கலிபோர்னியாவுக்குள் 25 யார் தூரம் வந்த இடத்தில் பிடிபட்டார். ஊரில் சிலர் வான் வண்டியில் கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள் என்று சொன்னார். சொன்னதை அதிகாரி நம்பினார். ஆனால் அடித்ததற்கு அரசியலோ இனமோ காரணம் என்று நிறுவப்படவில்லை என்று தள்ளிவிட்டார். விரைவு நாடுகடத்தல் நடைமுறை அது. நீதிமன்றம் அதை மீண்டும் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டார். 2020 ஜூன் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடியாது என்றது. நீதிபதி அலிட்டோ எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: 25 யார் உள்ளே வந்தவர் இன்னும் வாசலில் நிற்பவர் மாதிரித்தான். நாடாளுமன்றம் சட்டத்தில் கொடுத்த உரிமைக்கு மேல் அவருக்கு எதுவும் இல்லை. நீதிபதி சோட்டோமயோர் நீளமாக மறுத்து எழுதினார், நீதிபதி கேகன் அவரோடு சேர்ந்தார்.

நான் கை தூக்கினேன். கனடாவில் 1985 இல் சிங் வழக்கில் நேர் எதிராகச் சொன்னார்கள் என்றேன். அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் வந்து பேசும் விசாரணை வேண்டும் என்று ஆறு நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மூன்று பேர் சாசனத்தின் வழியாக வந்தார்கள், மற்ற மூன்று பேர் பழைய உரிமைப் பட்டயத்தின் வழியாக. கனடா மண்ணில் நிற்கும் எவரும் சாசனம் சொல்லும் "எவரும்" தான் என்று நீதிபதி வில்சன் எழுதினார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 1989 இல் குடிவரவு, அகதிகள் சபை வந்தது. அந்தச் சபையின் முன் நின்றுதான் என் அப்பா தன் கதையைச் சொன்னார். இதை வகுப்பில் சொல்லவில்லை. சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன்.

பீயர்சனில் கனடாத் தரையில் நின்றபடியே நான் அமெரிக்காவுக்குள் போய்விட்டேன். கலிபோர்னியாத் தரையில் நின்ற துரைசிங்கம் அமெரிக்காவுக்குள் வரவே இல்லை. அன்றிரவு விடுதிக்கு வந்தும் நித்திரை வரவில்லை.

இது அமெரிக்காவின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். அகதிக் கோரிக்கையை முதலில் வந்து சேர்ந்த நாட்டிலேயே வைக்கவேண்டும் என்று கனடாவும் அமெரிக்காவும் செய்த பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்பாடு 2004 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023 மார்ச் 25 முதல் அது தரை எல்லை முழுவதற்கும் நீண்டிருக்கிறது. அமெரிக்கா வழியாக வந்து எல்லையைத் தாண்டும் தமிழரை, தாண்டிப் பதினான்கு நாளுக்குள் என்றாலும், கனடா திருப்பி அனுப்பலாம். மாமாவோ சகோதரியோ கனடாவில் உரிய அந்தஸ்தோடு இருந்தால் விலக்கு உண்டு, மச்சான் முறைக்காரர் போதாது. அதே வருடம் ஜூனில் எங்கள் உச்ச நீதிமன்றம், சட்டத்துக்குள் பாதுகாப்பு வால்வுகள், அதாவது தேவையானபோது விலக்குக் கொடுக்கும் வழிகள், இருக்கின்றன என்று சொல்லி அந்த ஏற்பாடு சாசனத்தின் 7 ஆம் பிரிவை மீறவில்லை என்றது. சமத்துவக் கேள்வியை மட்டும் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அப்படியென்றால் எல்லையிலுள்ள ஃபோர்ட் எரியில் திருப்பப்படும் ஒருவரை நாங்கள் அனுப்புவது எந்த நாட்டின் சட்டத்துக்குள்? துரைசிங்கத்துக்குக் கதவடைத்த சட்டத்துக்குள். அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று உள்ளே இருந்து படித்த சட்டத்தரணிகள் எங்களிடம் எத்தனை பேர்?

கனடாவின் சுரேஷ் வழக்கை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சித்திரவதை நடக்கக்கூடிய இடத்துக்கு ஒருவரைப் பொதுவாக நாடுகடத்த முடியாது என்று 2002 ஜனவரியில் வந்த தீர்ப்பு. விதிவிலக்குக்கு ஒரு சின்னச் சன்னலைத் திறந்து வைத்ததும் அதே தீர்ப்புத்தான். எட்டு வருடம் கழித்து அமெரிக்காவில் இன்னொரு வழக்கு. புலிகளுக்கும் குர்திஷ் அமைப்பு ஒன்றுக்கும் சமாதான வழிகளைச் சொல்லிக்கொடுப்பதும் பயங்கரவாத அமைப்புக்குச் செய்யும் "பொருள் உதவி" என்ற குற்றம் ஆகலாம் என்று 2010 இல் ஆறுக்கு மூன்றாகத் தீர்த்தார்கள். இங்கே பேச்சுரிமைப் பாடத்தில் அதை வரிவரியாகப் படிக்கிறோம். இரண்டு நாட்டுப் பாடப்புத்தகத்திலும் நாங்கள் இருக்கிறோம், வாதியாக, மனுதாரராக, அடிக்குறிப்பாக. வகுப்பில் பெயரை உச்சரிக்கத் தெரிந்தவளாக இருப்பதோடு எனக்குப் போதாது.

போரா லாஸ்கின் 1937 இல் ஹார்வர்டில் எல்.எல்.எம். முடித்துவிட்டு ரொறன்ரோ திரும்பினார். யூதர் என்பதால் பெரிய நிறுவனங்களின் கதவு அவருக்குத் திறக்கவில்லை, வழக்குகளுக்குத் தலைக்குறிப்பு எழுதிப் பிழைத்தார். 1973 இல் கனடாவின் தலைமை நீதியரசர் ஆனது வேறு கதை. அந்தக் காகிதம் கதவைத் திறக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன். அவருக்கு உதவியது அங்கே படித்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை ஒரு பிள்ளை வந்து எல்.எல்.எம். போகட்டுமா என்று கேட்டால், "எதைப் படிக்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதிலாகப் பள்ளியின் பெயர் வந்தால், கொஞ்சம் பொறு என்று சொல்லுங்கள். நியூயோர்க்கில் வேலைதான் நோக்கம் என்றால் 520.6 ஐச் சொல்லுங்கள். முன்பு நாஃப்டா என்று இருந்த வட அமெரிக்க வர்த்தக உடன்பாட்டின் டி.என். என்ற வேலை அனுமதிப் பட்டியலில் "லோயர்" என்ற தொழிலும் இருக்கிறது, வேலைக் கடிதத்தோடு எல்லையிலேயே விண்ணப்பிக்கலாம், மற்ற நாட்டு மாணவர்கள் மாதிரி எச்-1பி வேலை விசாக் குலுக்கலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள். இங்கே வேலைவாய்ப்பு ஆலோசகர்களுக்கே இது தெரியாமல், எங்கள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். படிக்கப் போகிறவளுக்கு டி.எல்.11ஏ படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கனடா வருமான வரியில் கல்விக் கட்டணத்தைக் காட்ட அதைத்தான் அமெரிக்கப் பள்ளி நிரப்பித் தரவேண்டும். என் பள்ளி அலுவலகத்தில் அதை நீட்டியபோது, இது எந்த நாட்டுப் படிவம் என்று கேட்டார்கள்.

அப்புறம், உங்கள் சட்டத்தரணிகள் ஒன்றுகூடலில் அடுத்த வருடமாவது ஒரு மணி நேரம் துரைசிங்கம் தீர்ப்புக்கு ஒதுக்குங்கள். விருந்துக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வைத்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். தீர்ப்பையும் மறுப்பையும் தமிழில் சுருக்கி எட்டுப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசியில் மேப்பிள் லீஃப் ரயிலில் வருகிறேன். பன்னிரண்டு மணி நேரப் பயணம், நயாகராவில் எல்லோரையும் இறக்கிச் சோதிப்பார்கள். பிரதிகளை நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
நியூயோர்க்கில் படிக்கும் உங்கள் ஸ்காபரோப் பிள்ளை