கெப்பில் படகு இழுக்கிறவர்கள் டயரின் பக்கத்தையும் வாசிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை முடிந்து கடல் அடங்கிவிட்டால் நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வீதியெல்லாம் கெப்புக்கு, அதாவது பின்பக்கம் திறந்த பிக்கப் வண்டிக்கு, பின்னால் படகுதான். மேற்குக் கரையிலிருந்து தொழிலுக்கு வருகிறவர்கள், திமிங்கிலம் காட்டுகிறவர்கள், புறாத் தீவுக்கு ஆள் ஏற்றுகிறவர்கள் எல்லோரும் இழுக்கிறார்கள். இழுக்கட்டும், பிழைப்பு. ஆனால் டயர் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், என்ன விலை, வெட்டு (டயரின் மேலுள்ள பள்ளக் கோடு) ஆழமா என்ற இரண்டு கேள்வியோடு வியாபாரம் முடிந்துவிடும். எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்கிற ஆளை நான் காணவில்லை.

அது டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. 205 ஆர் 16 சி என்ற அளவுக்குப் பக்கத்தில் 110/108 என்று இருந்தால், 110 என்பது ஒரு டயருக்கு 1060 கிலோ. 108 என்பது 1000 கிலோ, அது இரட்டைச் சக்கரம் போடுகிற வண்டிக்கு, நமக்கு முதல் எண்தான் கணக்கு. அதே 16 அங்குல ரிம்மில் 100 என்று எழுதிய கார் டயரும் அழகாக உட்காரும், விலையும் குறைவு, ஆனால் அது தாங்குவது 800 கிலோ. இரண்டு பின் டயருக்கும் சேர்த்தால் 520 கிலோ குறைகிறது, அதுவும் எடை கூடுகிற பக்கத்தில்.

ஏன் பின் பக்கம் என்றால், ட்ரெய்லரின் எடையில் ஒரு பங்கு கொக்கியில் கீழ்நோக்கி அழுத்தும். வீடு போன்ற ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு விடுமுறைக்குப் போகிற கனடா, அமெரிக்காக்காரர் இதை 10 முதல் 15 சதவீதம் என்று கணக்குப் பார்ப்பார்கள், அதாவது 1500 கிலோவுக்கு 150 முதல் 225 கிலோ. படகுக்கு இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனாலும் கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால் நெம்புகோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கி, கொக்கியில் உள்ளதைவிடக் கூடுதலான பாரத்தைப் பின் டயரில் போடும். அதற்கு மேல் ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கேன், நாலு ஆள்.

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் சொன்னார் என்று டயருக்கு 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) காற்று அடிக்கிறவர்களும் உண்டு. அந்த 80, அவர்கள் போடுகிற 10 பிளை டயரின் உச்ச அளவு; பிளை என்பது டயரின் பலத்தைக் காட்டுகிற அடுக்குக் கணக்கு. இங்கே கெப்புகளில் ஓடுகிற 8 பிளை டயருக்கு உச்சம் பெரும்பாலும் 65 தான். பக்கத்தில் எழுதியிருப்பதைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான் விசயம்.

கூடுதல் காற்றைவிடக் குறைந்த காற்றுத்தான் எனக்குப் பெரிய பயம். மணலில் படகு இறக்க காற்றைக் குறைப்பது சரியான வேலை, மணலுக்கு ஆழமான வெட்டைவிட மெலிந்த காற்றே உதவும். சேற்று டயர் மணலைத் தோண்டிக்கொண்டு புதைந்துவிடும், தார் வீதியிலோ ஊளையிட்டு ஆடும். ஆனால் இறக்கி முடிந்ததும் அப்படியே கந்தளாய், ஹபரணை என்று ஓடிவிடுகிறார்கள். காற்றுக் குறைந்த டயரின் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து விரிந்து சூடேறும், கச்சான் அடிக்கிற மாதங்களில் வீதிச் சூடும் சேர்ந்தால் மேல் தோல் உரிந்து பறக்கும். பக்கம் மெத்தென்று இருந்தால் பஸ் ஒன்று முந்தும்போதே ட்ரெய்லர் கெப்பின் வாலைப் பிடித்து ஆட்டும். காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்கவேண்டும். ஓடிச் சூடான டயரில் கூடிக் காட்டுகிறதே என்று இறக்கிவிடக் கூடாது.

ட்ரெய்லர் டயரையும் சொல்லவேண்டும். வருசத்தில் பாதி நாள் வாடிக்குப் பக்கத்தில் வெயிலில் நிற்கும், வெட்டுத் தேயாது, ரப்பர் வெடித்திருக்கும். டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடையில் புதிது என்று தருகிற டயரிலும் இதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

டயர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பில்லில் அளவோடு எடை எண்ணையும் அந்த நாலு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். எரிபொருள் நிலையக்காரர்களிடம் இன்னொன்று: நகரத்திலிருந்து நிலாவெளி வரை காற்றடிக்கிற இடங்களில் ஒழுங்காக வேலை செய்கிற மானி வையுங்கள். ஒரே டயருக்கு ஓரிடத்தில் 40 காட்டி அடுத்த இடத்தில் 52 காட்டினால் நாங்கள் எதை நம்புவது?

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை