படகு கேட்டு வருவோரிடம் நாங்கள் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறோம்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் பட்டர்வொர்த்திலிருந்து பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு வந்திருந்தார். வேகமாக ஓடும் சிறிய பாய்மரப் படகு ஒன்று வேண்டும் என்றார். உங்கள் எடை என்ன, வீடு எத்தனையாவது மாடி, காரின் மேல் கம்பி பூட்டியிருக்கிறீர்களா, வாரத்தில் எந்த நாள் கடலுக்குப் போவீர்கள் என்று என் தம்பி அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையிழந்து, “தம்பி, நான் படகு வாங்க வந்தேனா, பொண்ணு பார்க்க வந்தேனா?” என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. காரணத்தைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆகவே அந்தக் காரணங்களை இம்மடலில் எழுதுகிறோம்.

ஆண்டுதோறும் நவம்பரில் வேகமான படகு கேட்டு வருபவர்கள் அதிகமாகிறார்கள். 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் பந்தயத்தில் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் பெரிய படகுகள் செல்வதைப் பார்த்துவிட்டு, அதே ஆசையோடு வருகிறார்கள். வருபவர்கள் முதலில் கேட்பது, “எது வேகமான படகு?” என்பதுதான். எந்தக் காற்றில், யார் ஏறினால் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒழிய, அந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

பினாங்கின் காற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவக்காலத்தில் திரங்கானு, கிளந்தான் கரைகள் பெருங்காற்றையும் பேரலையையும் வாங்கிக்கொள்ள, தீபகற்பத்தின் மலைத்தொடருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அதன் மிச்சம்தான் வருகிறது. மற்ற மாதங்களில் காலையில் கரையிலிருந்து கடலுக்கு ஒரு மெல்லிய காற்று வீசும். நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் இலை அசையாது. பிற்பகலில் கடற்காற்று எழும். பெரும்பாலான நாள்களில் மணிக்கு 5 முதல் 10 கடல்மைல் வேகக் காற்றை நம்பித்தான் நாம் பாய் விரிக்கிறோம். ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ எடுத்த காணொளிகளில் நீங்கள் பார்க்கும் காற்று இதுவன்று.

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நீரைக் கிழித்துக்கொண்டு போகும் படகு தன் மூக்கில் ஒரு அலையையும் வாலில் ஒரு அலையையும் எழுப்பிக்கொண்டு, அவை இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் அதன் வேகத்துக்கு நீளமே வரம்பு. நீரில் படியும் நீளம் 3.8 மீட்டர் உள்ள படகுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 5 கடல்மைலுக்குச் சற்றுக் குறைவு. காற்று பலமாக அடிக்கும்போது இலகுவான படகு தன் முன்னலையின் மேல் ஏறி, நீரைக் கிழிப்பதை விட்டுவிட்டு, தட்டைக் கல்லைப் போல நீர்மேல் வழுக்கத் தொடங்குகிறது. காணொளியில் உடல் சிலிர்க்கும் காட்சி அதுதான். ஆனால் ஒருவர் ஓட்டும் சாதாரணப் படகு அப்படி வழுக்க, பொதுவாகக் காற்று 10, 12 கடல்மைலையாவது தாண்ட வேண்டும். 6 கடல்மைல் காற்றில் எல்லாப் படகும் அந்த நீள வரம்புக்குள்தான் ஊரும். அங்கே வெல்வது குறைந்த எடையும், நீரில் படியும் பரப்பு குறைவாக இருப்பதும், ஓட்டுபவரின் பொறுமையும். பெருங்காற்றுக்கென்று வடிவமைத்த படகை இங்கே வாங்குவது, ஜார்ஜ் டவுன் சந்துகளில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவது போலத்தான்.

அதற்காக நமது கடல் எப்போதும் சாது என்று எண்ணிவிடவும் வேண்டாம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, மலாக்கா நீரிணையில் இரவில் திரண்டு விடியலிலோ காலையிலோ கரையைத் தாக்கும் ‘சுமாத்ரா’ புயற்காற்று, சில நிமிடங்களில் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மேற்கில் கருநீலச் சுவர் போல மேகம் எழும்போது கரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆகவே உங்களுக்கு ஏற்ற படகு மெல்லிய காற்றில் ஓடினால் மட்டும் போதாது. கவிழ்ந்தால் நீங்கள் தனியாக நிமிர்த்தக்கூடியதாகவும் அது இருக்க வேண்டும். எடையைக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி எடைக்கு வருகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் கடைசியில் வாங்குவது லேசர் என்று நாம் பழகிய, ஒருவர் ஓட்டும் படகைத்தான். படகு வடிவமைப்பாளர் புரூஸ் கெர்பி 1969இல் ஒரு தொலைபேசி உரையாடலின்போது கிறுக்கிய படத்திலிருந்து பிறந்த இப்படகு, இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1996 முதல் ஒலிம்பிக்கிலும் ஓடுகிறது. வணிகப் பெயர் குறித்து எழுந்த தகராறால் 2019 முதல் இதை ‘இல்கா’ என்று அழைக்கிறார்கள். லேசர் வேறு, இல்கா வேறு என்று நினைத்துப் பழைய படகைத் தள்ளிவிடாதீர்கள், படகு ஒன்றேதான். நீளம் 4.2 மீட்டர், வெறும் உடல் எடை 59 கிலோ. இதில் எங்களுக்குப் பிடித்த அம்சம், ஒரே உடலில் மூன்று அளவுப் பாய்களை ஏற்றலாம் என்பது. கனமானவருக்குப் பெரிய பாய், எடை குறைந்தவருக்குச் சிறிய பாய். இல்கா 7இன் பாய் 7.06 சதுர மீட்டர், இல்கா 6இன் பாய் 5.76, இல்கா 4இன் பாய் 4.7. பாய்மரத்தின் மேல்துண்டு மூன்றுக்கும் பொது. கீழ்த்துண்டும் பாயும் மட்டும் மாறும்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா 80 கிலோ, மகள் 54 கிலோ. இரண்டு படகு வாங்கும் எண்ணத்தோடு வந்தவர்களிடம், ஒரு படகையும் கூடுதலாக ஒரு கீழ்த்துண்டும் ஒரு சிறிய பாயும் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். காலையில் மகள், மாலையில் அப்பா. எங்களுக்கு ஒரு படகு விற்பனை போனது உண்மைதான். ஆனால் அந்தப் பெண் இப்போது வாரம் தவறாமல் கடலில் இருக்கிறாள்.

எடை குறைந்த படகு வேண்டும் என்றால் ஆர்எஸ் ஏரோ இருக்கிறது. 2014இல் வெளிவந்தது, 4 மீட்டர் நீளமும் 30 கிலோ உடல் எடையும் கொண்டது. லேசரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அப்போதும் மறுநாள் முதுகு அதை நினைவுபடுத்தும். ஏரோவை ஐம்பது வயதைத் தாண்டியவர்கூடத் தள்ளுவண்டியில் தானே ஏற்றிவிடலாம். மெல்லிய காற்றில் அந்தக் குறைந்த எடை நன்றாகவே தெரியும். ஆனால் விலை கூடுதல். கார்பன் பாய்மரம் அடிபட்டால் அலுமினியத்தைப் போல நிமிர்த்தி ஓட்ட முடியாது. இன்னொன்று, நீங்கள் சேரப்போகும் சங்கத்தின் கொட்டகைக்குப் போய் அங்கே எந்த வகைப் படகு வரிசையாக நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே வகைப் படகு பத்து நின்றால்தான் பந்தயம் நடக்கும், கழற்றி மாட்ட உதிரிப்பாகம் கிடைக்கும், “ஏன்மா, பாய்க்கயிற்றை இவ்வளவு இழுக்கிறாய்?” என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். தனியாக நிற்கும் நல்ல படகைவிட, கூட்டத்தில் நிற்கும் சுமாரான படகு அதிக நாள் கடலைப் பார்க்கிறது என்பது எங்கள் அனுபவம்.

எங்கிருந்து கடலில் இறக்குவீர்கள் என்று கேட்பதும் இதே அளவு முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நம் கடல் இரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்குகிறது. காலை ஒன்பது மணிக்கு இடுப்பளவு தண்ணீரில் படகை இறக்கியவர், மதியம் திரும்பும்போது தீவின் கிழக்குக் கரையில் முழங்கால் சேற்றில் அதை இழுத்துக்கொண்டு வருவதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். பத்து பெரிங்கி போன்ற மணற்கரையிலிருந்து இறக்குபவர்களுக்கு ஹோபி 16 என்னும் இரட்டை உடல் படகு வசதியானது. அடியில் செருகும் பலகையே இல்லாமல், உடலின் வளைவை வைத்தே பக்கவாட்டில் நழுவாமல் ஓடுவதால், நேராக மணலில் ஏற்றி நிறுத்திவிடலாம். ஆனால் 145 கிலோ எடை. மெல்லிய காற்றில் திரும்பவே மறுக்கும். பிற்பகல் கடற்காற்றுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அது போதும்.

நீருக்கு மேலே பறக்கும் ஃபாயில் படகைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். அழகான பொருள்தான். ஆனால் படகைத் தூக்கும் அதன் இறக்கை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழம் கீழே நிற்கிறது. நம் நீரிணையிலோ வலையும் பிளாஸ்டிக் பையும் அதே ஆழத்தில்தான் மிதக்கின்றன. ஃபாயிலை இப்போதைக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஆப்டிமிஸ்ட் என்னும் சிறுவர் படகு பதினைந்து வயது வரை. அதன்பின் உடன்பிறந்தவர்களோ நண்பர்களோ இருவர் சேர்ந்து ஓட்ட, டிரப்பீஸும் (உடலை வெளியே சாய்த்துத் தொங்கும் கம்பி) ஸ்பின்னேக்கர் பாயும் (பின்காற்றில் பலூன் போல விரியும் முன்பாய்) உள்ள 420 என்னும் படகு பொருத்தமானது. ஜே 70, பிளாட்டு 25 போன்ற, கவிழாமலிருக்க அடியில் கனம் பூட்டிய பெரிய படகுகளை நீரிலேயே கட்டிவைக்க நினைப்பவர்கள், வாங்கும் விலையோடு துறைக்கட்டணத்தையும் நம் வெதுவெதுப்பான கடலில் சில வாரங்களிலேயே அடியில் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசைச் சுரண்டும் கூலியையும் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு வரவும்.

பழைய படகு வாங்குவோருக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நாங்களே இதில் ஏமாந்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாநிலத்திலிருந்து ஒரு பழைய லேசரை வாங்கி வந்தோம். மெருகு போட்டுக் கண்ணாடி போல இருந்தது. நிறுத்துப் பார்க்காமலே பணம் கொடுத்தோம். இரண்டாவது வாரம் ஜெரெஜாக் தீவுக்கு அருகில் தம்பி ஓட்டிக்கொண்டிருந்தபோது, பாய்மரம் நிற்கும் குழியின் அடி விரிசல்விட்டு, பாயோடு மரம் முன்னால் சாய்ந்தது. மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் கட்டி இழுத்து வந்தார். கரையில் வடிகால் அடைப்பைத் திருகி எடுத்ததும் பின்பக்கத்திலிருந்து பழுப்பு நீர் கால் மணி நேரம் ஒழுகியது. அதன்பின் தராசில் வைத்தபோது 66 கிலோ. உள்ளே உள்ள நுரை நீரைக் குடித்திருந்தது.

அன்று முதல் எங்கள் முறை இதுதான். பாய்மரக் குழியில் நீரை நிரப்பி அளவைக் குறித்து ஒரு இரவு விடுகிறோம். காலையில் நீர் இறங்கியிருந்தால் அந்தப் படகை வாங்குவதில்லை. வடிகால் துளையில் குழாய் வைத்து வாயால் ஊதி, ஓரங்களில் சோப்பு நீர் தடவுகிறோம்; குமிழ் வந்த இடத்தில் ஒட்டு விட்டிருக்கிறது. டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், நல்ல ஒட்டும் பிரிந்துவிடும். உட்காரும் இடத்தில் வெறுங்காலால் நடந்து பாருங்கள். தளம் அமுங்கினால் உள்ளே அடுக்குப் பிரிந்திருக்கிறது என்று பொருள். பாய்மரத்தின் மேல்துண்டைச் சமதளத்தில் உருட்டினால் வளைவு உடனே தெரியும். அலுமினியத் துண்டில் ஆணி அறைந்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அங்கேதான் அது ஒருநாள் முறியும்.

பாயைக் கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். புதிய டாக்ரான் துணி கஞ்சி போட்ட வேட்டியைப் போல மொடமொடக்கும். வெயிலில் கிடந்து பழுத்த பாய், பலமுறை துவைத்த வேட்டியாகத் தொய்ந்துவிடும். துணி நன்றாக இருந்தாலும் தையல் செத்திருக்கலாம், ஆகவே நகத்தால் தையலை ஒருமுறை கீறுங்கள். நூல் அறுந்தால் விலையைக் குறைத்துப் பேச அதுவே போதும். நம் வெயில், உப்பைவிடக் கொடிய எதிரி. நல்ல நீரில் கழுவாமல், மூடாமல் ஆறு மாதம் வெளியில் கிடந்த படகை, பத்து ஆண்டு ஓடிய ஆனால் உறையோடு நின்ற படகுக்குப் பின்னால்தான் நாங்கள் வைப்போம்.

இந்த மாதம் முதல், நாங்கள் விற்கும் ஒவ்வொரு பழைய படகோடும் அதன் எடைச்சீட்டையும் மேற்சொன்ன சோதனைகளின் குறிப்பையும் சேர்த்துத் தருகிறோம். புதிதோ பழையதோ, கடலில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் வாங்குவதில்லை. சோதனை ஓட்டம் சனிக்கிழமைகளில். கடலேற்றத்தைப் பொறுத்து நேரம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் முதல்நாள் அழைத்துக் கேட்டுக்கொள்ளவும். நனையக்கூடிய காலணியும் தொப்பியும் கொண்டு வாருங்கள். மிதவை அங்கி நாங்கள் தருகிறோம். வீட்டிலிருந்து புறப்படுவதற்கு முன் உங்கள் எடையையும், காரின் மேற்கம்பி எவ்வளவு கனம் தாங்கும் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்தால், தம்பியின் கேள்விகளில் பாதி குறையும்.

பட்டர்வொர்த் பெரியவர் மறுவாரம் வந்தார். அவர் எடை 68 கிலோ என்பதால் இல்கா 6 பாயோடு பழைய லேசர் ஒன்றை எடுத்திருக்கிறார். பெண் பிடித்துவிட்டதா என்று தம்பி கேட்டதற்கு, சுக்கானைக் கழற்றி அதன் முள்ளை ஆட்டிப் பார்த்துக்கொண்டே, “முதலில் இதை மாற்றிக் கொடு” என்றார். மாற்றிக் கொடுத்துவிட்டோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து அண்ணனும் தம்பியும்
பினாங்கு