மனநல ஆலோசனை முதுகலைப் படிப்பு: தவறான வழிகாட்டலுக்காகக் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
மனநல ஆலோசனை முதுகலைப் பிரிவில் பதிவு செய்துள்ள மாணவர்கள்,
சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம், சென்னை.

பொருள்: கையேட்டில் உள்ள தவறான தகவல்கள், சேவைக் கட்டணத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

‘டெக்சாஸில் 2 ஆண்டு படிப்பு, முடித்ததும் உரிமம், 3 ஆண்டு வேலை அனுமதி’ என்று உங்கள் கையேட்டில் அச்சிட்டிருக்கிறீர்கள். 60 கிரெடிட் படிப்பை, கோடை வகுப்புகளையும் சேர்த்து எடுத்தால் 2 ஆண்டில் முடிக்கலாம். மற்ற இரண்டும் உண்மையல்ல.

பட்டம் வாங்கியதும் ஆலோசகராகத் தனியே பணியாற்றும் முழு உரிமம் யாருக்கும் கிடைக்காது. டெக்சாஸில் தேர்வில் தேறி, முதலில் மேற்பார்வையில் மட்டும் பணி செய்யும் அசோசியேட் உரிமம் பெற வேண்டும். அதன் பிறகு மேற்பார்வையாளரின் கீழ் 3,000 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் 1,500 மணி நேரம் நேரடியாக வாடிக்கையாளருடன் இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் 18 மாதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. எஃப்-1 எனும் மாணவர் விசாவில் இருப்பவருக்குப் படிப்புக்குப் பின் கிடைக்கும் ஓபிடி எனும் வேலை அனுமதியோ 12 மாதம்தான். கூடுதல் 24 மாதம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே உண்டு. மனநல ஆலோசனையின் படிப்புக் குறியீடான 51.1508 அந்தப் பட்டியலில் இல்லை. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்திலேயே இந்த எண் இருக்கும். உங்கள் ஆலோசகர்கள் ஒருமுறை பார்த்திருந்தாலே போதும். அசோசியேட் உரிமத்துக்குக் காத்திருக்கும் வாரங்களிலும் ஓபிடி நாட்கள் கழிந்துகொண்டே இருக்கும். வேலையில்லாமல் 90 நாளுக்கு மேல் இருக்கவும் முடியாது. ஆக, வேறு விசா கிடைக்காவிட்டால் உரிமத்துக்கான மணி நேரம் பாதியில் நிற்கும். இதைச் சொல்லாமல் இந்தப் படிப்பை விற்கவே கூடாது.

அடுத்தது, நீங்கள் கொடுத்த பல்கலைக்கழகப் பட்டியல். 36 கிரெடிட் பொது உளவியல் முதுகலையும் 60 கிரெடிட் மனநல ஆலோசனை முதுகலையும் ஒரே வரிசையில் இருக்கின்றன. முன்னது உரிமத்துக்கான படிப்பே அல்ல. ஆலோசனைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான காக்ரெப்பின் அங்கீகாரம் உண்டா என்ற பத்தியும் பட்டியலில் இல்லை. முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பையும் ‘விசா கிடைக்கும்’ என்று குறித்திருக்கிறீர்கள். எஃப்-1 விதிப்படி ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்புதான், அதாவது 3 கிரெடிட்தான், முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும்.

களப்பயிற்சி பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. காக்ரெப் விதிப்படி பிராக்டிகம் எனும் தொடக்கக் களப்பயிற்சி குறைந்தது 100 மணி நேரம் (நேரடிச் சந்திப்பு 40), இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம் (நேரடிச் சந்திப்பு 240). 15 வாரப் பருவங்கள் இரண்டில் பிரித்தால், இன்டர்ன்ஷிப் மட்டும் வாரம் 20 மணி நேரம். பெரும்பாலும் சம்பளம் இருக்காது; இடத்தையும் பல பல்கலைக்கழகங்களில் மாணவரே தேட வேண்டும். வளாகத்துக்கு வெளியே பயிற்சி என்றால் தொடங்கும் முன்பே சிபிடி எனும் படிப்புக்கால வேலை அனுமதி ஐ-20இல் பதிவாகியிருக்க வேண்டும். ஒரு நாள் முந்தினாலும் விதிமீறல். ‘பகுதிநேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாம்’ என்று உங்கள் ஆலோசகர் சொன்னதற்கு இந்த வாரக் கணக்கில் இடம் எங்கே?

‘இந்தியா திரும்பினால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்பதும் பிழை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பெயருக்கு வரையறுத்திருக்கும் தகுதி வேறு. இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சி வேண்டும். ஆலோசனை முதுகலை அதற்கு ஈடாகாது. ஆலோசகராகப் பணியாற்றலாம் என்று எழுதியிருந்தால் எங்களுக்கு மறுப்பில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் சேவைக் கட்டணத்தை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் பெயரில் அனுப்பிய விண்ணப்பங்களின் நகல்களையும் தர வேண்டும். திருத்திய கையேட்டில் ஒவ்வொரு படிப்புக்கும் கிரெடிட், காக்ரெப் நிலை, குறியீட்டு எண், அந்த மாநில உரிமத்துக்கான மணி நேரம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். தொடர விரும்பும் மாணவர்களுக்குச் சரியான பட்டியலைக் கட்டணமின்றித் தர வேண்டும்.

பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் தவறான விளம்பரத்துக்கும் வழக்குத் தொடுப்போம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

இணைப்பு: கையேட்டின் நகல், கட்டண ரசீதுகள், பல்கலைக்கழகப் பட்டியல்.

இப்படிக்கு,
பதிவு செய்துள்ள மாணவர்கள்