சார்ஜ் போட இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சாரக் கார்களின் குறைகளைப் பெட்ரோல் கார்களோடு ஒப்பிட்டுத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பதினோர் ஆண்டுகள் பெட்ரோல் காரும், இரண்டு ஆண்டுகளாக மின்சாரக் காரும் ஓட்டி வருபவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன ஒன்றை எழுத விரும்புகிறேன்.

ஒரு முறை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதையே கட்டுரை பெரிதாகப் பேசுகிறது. நகருக்குள் நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இரவில் வண்டியை நிறுத்துமிடத்தில் சார்ஜ் போட வழியுண்டா என்பதே பெரும்பாடு. மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், என் மீட்டரிலிருந்து கீழ்த்தளத்திற்கு ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இழுத்துக்கொள்ள, முழுச் செலவும் என்னுடையதே என்று எழுதிக் கொடுத்தும், சங்கத்தின் ஒப்புதல் கிடைக்க ஏழு மாதங்கள் ஆயின. தீப்பிடித்துவிடுமோ என்று அவர்கள் அஞ்சியதை நான் குறை சொல்ல மாட்டேன், தனி எம்.சி.பி.யும் (பளு மிஞ்சினால் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) முறையான எர்த்தும் வைத்து எலக்ட்ரீஷியன் விளக்கிக் காட்டிய பிறகே அவர்களுக்கு மனம் வந்தது. அதுவரை வெளியிலிருக்கும் வேகச் சார்ஜர்களே கதி. வீட்டு மின்சாரத்தைவிட இரு மடங்குக்கும் மேலான கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பொங்கலுக்குத் திருநெல்வேலி போன வழியில் ஒரு சார்ஜர் பழுதாகிக் கிடந்தது, அடுத்ததில் எனக்கு முன்னால் மூன்று கார்கள் நின்றன. பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது.

மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது; என் கார் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் ஓடுவதால், கிலோமீட்டருக்கு 100 கிராம் என்றாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வெளியாகும். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த என் பழைய காருக்கு அது கிலோமீட்டருக்கு 160 கிராமுக்கு மேல். பேட்டரி தயாரிப்பில் வெளியாகும் புகையையும் கணக்கில் சேர்த்தால், மாதத்திற்கு ஓரிரு முறை மட்டுமே காரை எடுப்பவர், நன்றாக ஓடும் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மாறுவதில் பெரிய பயனில்லை என்றே நினைக்கிறேன். நாள்தோறும் ஓட்டுபவரின் நிலை வேறு.

புதிய கட்டடங்களில் வாகன நிறுத்தத்தின் 20 சதவீதத்திற்குச் சார்ஜ் வசதி வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-இலேயே திருத்தப்பட்டன. பழைய அடுக்குமாடிகளில் யார் ஒப்புதல் தருவது, எத்தனை நாளில் தருவது, ஒரே இரவில் பத்துக் கார்கள் தலா 3.3 கிலோவாட் இழுத்தால் கட்டடத்தின் மின்பளுவை உயர்த்தும் செலவு யாருடையது என்பவற்றை அரசு தெளிவாக வரையறுக்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் மேலும் இரு வீட்டார் இப்போது பிளக் பாயின்ட் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள்; அவர்களும் ஏழு மாதம் காத்திருக்க நேரக் கூடாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை.